மடிப்பில் வைத்த குங்குமம்

இன்லண்டு லெட்டரின் ஒட்டைக் கிழியாமல் பிரிப்பது ஒரு கலை. இட்லிப் பானையின் மூடியை ஒரு விரற்கடை விலக்கி, கசிகிற ஆவியில் ஒட்டின பகுதியை மட்டும் காட்ட வேண்டும். அதிகம் காட்டினால் மசி கலங்கிவிடும். குறைத்துக் காட்டினால் காகிதம் கிழிந்துவிடும். எங்கள் தாத்தாவுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. ஊரில் அவரைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்ல மாட்டார்கள். கோயில் தர்மகர்த்தா, ஒருவருக்கும் கடன் பாக்கி வைக்காதவர். ஆனால் வீட்டு மருமகள்களுக்கு வரும் கடிதங்களை அவர் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். படித்த சுவடே தெரியாமல் மறுபடி ஒட்டிக் கொடுப்பார்.

1989-ம் வருஷம். எனக்கு ஒன்பது வயது. சின்னச் சித்தி கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. சித்தப்பாவுக்கு வடக்கே வேலை. வீடு கிடைத்ததும் அழைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மதுரையிலிருந்து சித்தியின் அக்கா வாரம் ஒரு கடிதம் எழுதுவாள். தபால்காரரிடம் அதை வாங்குவது என் வேலை. வாங்கி நேரே தாத்தாவிடம் கொடுப்பேன். எட்டணா கிடைக்கும்.

சித்திக்கு எப்படியோ சந்தேகம் தட்டியிருக்கிறது. அக்காவும் தங்கையும் ஏதோ பேசி வைத்துக்கொண்டார்கள் போலும். அடுத்து வந்த கடிதத்தின் மடிப்புக்குள் ஒரு சிட்டிகை குங்குமம் இருந்தது. உள்ளே எதுவும் வைக்கக் கூடாது என்று தபால் இலாகா அந்தக் காகிதத்திலேயே அச்சடித்திருக்கும். மங்கலப் பொருளுக்கு அந்தச் சட்டம் செல்லாது என்பது எங்கள் பெண்களின் வியாக்கியானம். தாத்தா பிரித்ததும் குங்குமம் அவர் வேஷ்டியில் கொட்டிவிட்டது. ஒரு கணம் யோசித்தார். "சாமி அறையிலேருந்து ஒரு சிட்டிகை எடுத்துட்டு வாடா" என்றார். எடுத்துக்கொண்டு வந்தேன்.

அன்று மத்தியானம் சித்தி என் எதிரிலேயே கடிதத்தைப் பிரித்தாள். குங்குமத்தை விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தாள். மதுரைத் தாழம்பூக் குங்குமத்துக்கு ஒரு வாசனை உண்டு. எங்கள் ஊர்க் கடைக் குங்குமத்துக்கு அது கிடையாது. சித்தி ஒன்றும் சொல்லவில்லை. கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள். அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்து என்ன பிரயோஜனம்? அவள் பி.எட். படிப்பதற்கு அக்கா மூலம் விண்ணப்பம் போட்டிருந்த சமாசாரம் அந்தக் கடிதத்தில்தான் இருந்தது. தாத்தா அதைப் படித்தாகிவிட்டது. அந்த விண்ணப்பம் அந்த வருஷம் கரை சேரவில்லை. எந்த வருஷமும் சேரவில்லை.

இந்தப் பழைய கதையை இப்போது எடுப்பதற்குக் காரணம், சில மாதங்களாக நான் படித்து வரும் ஒரு விஷயம். ஒருவர் கேட்டாலே கேட்டது தெரிந்துபோகும்படி செய்தி அனுப்பும் ஒரு வித்தையை விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். குவாண்டம் சங்கேதம் என்று அதற்குப் பெயர். கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகம் படித்து, அதிலும் ஒரு தடவை கோட்டை விட்ட கதாசிரியன் நான். எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன். பௌதிகம் தெரிந்த வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

ஒட்டுக்கேட்பவர்களின் சரித்திரத்தில் என் தாத்தாவுக்கு மூத்த அண்ணன்மார் பலர். இங்கிலாந்தில் எலிசபெத் ராணியின் மந்திரி வால்சிங்ஹாம் அவர்களில் ஒருவர். ஸ்காட்லாந்து ராணி மேரி 1568 முதல் இங்கிலாந்தில் காவலில் இருந்தாள். 1586-ல் சார்ட்லி என்ற மாளிகையில் அவளை வைத்திருந்தபோது, வெளியாருடன் கடிதப் போக்குவரத்துக்கு ஒரு ரகசிய வழி கிடைத்தது. பீர்ப் பீப்பாயின் அடைப்பானுக்குள், தண்ணீர் புகாத பையில் கடிதத்தை வைத்து அனுப்புவது. வழி கிடைத்த சந்தோஷத்தில், அதை யார் கிடைக்கச் செய்தார்கள் என்று மேரி யோசிக்கவில்லை. ஏற்பாடு செய்த கில்பர்ட் கிஃபோர்ட் வால்சிங்ஹாமின் ஆள். பீர்க்காரனும் அவர்கள் ஆள்தான். இரண்டு பக்கத்திலும் கூலி வாங்கிக்கொண்டிருந்தான். எட்டணாவை நினைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு கடிதமும் முதலில் வால்சிங்ஹாமின் ஆட்களிடம் போகும். ஆர்தர் கிரிகரி என்பவன் அரக்கு முத்திரையைச் சுவடு தெரியாமல் எடுத்து, சுவடு தெரியாமல் திரும்ப வைப்பான். தாமஸ் ஃபெலிப்ஸ் சங்கேத எழுத்தை உடைத்துப் படிப்பான். ஆண்டனி பாபிங்டன் என்ற இளைஞன், எலிசபெத்தைக் கொல்ல ஆறு பேர் தயாராக இருப்பதாக மேரிக்கு எழுதினான். ஜூலை 17-ந் தேதி மேரி பதில் எழுதினாள். அதைப் பிரதி எடுத்த ஃபெலிப்ஸ், பிரதியின் மேல் ஒரு தூக்குமரத்தைப் படமாகப் போட்டான். அதோடு நிற்கவில்லை. அந்த ஆறு பேரின் பெயர்களைத் தெரிவிக்கும்படி மேரியே கேட்பதுபோல, அதே சங்கேதத்தில் ஒரு பின்குறிப்பைத் தானே எழுதிச் சேர்த்தான். இந்தப் பின்குறிப்பை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு வேண்டியிருக்கும்.

1587 பிப்ரவரி 8-ந் தேதி காலையில் ஃபாதரிங்கே கோட்டையில் மேரியின் தலை விழுந்தது. அன்று விடிவதற்கு முன்பு அவள் கடைசியாக ஒரு கடிதம் எழுதினாள், கணவனின் தம்பியான பிரெஞ்சு அரசன் மூன்றாம் ஹென்றிக்கு. அந்தக் கடிதத்தை மடித்த விதத்தை இந்தக் காலத்து ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். காகிதத்தின் ஓரத்திலிருந்தே மெல்லிய நாடா ஒன்றை வெட்டி, மடிப்பில் கீறிய துவாரங்கள் வழியாகச் சுற்றிச் சுற்றிக் கோத்து இறுக்கியிருக்கிறாள். நாடாவைக் கிழிக்காமல் கடிதத்தைப் பிரிக்க முடியாது. அரக்கு முத்திரையை நம்ப முடியாது என்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? இன்னும் சில மணி நேரத்தில் சாகப்போகிறவள், அந்த விடியற்காலையில் உட்கார்ந்து பொறுமையாக நாடா கோத்திருக்கிறாள். இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் வியன்னாவில் இது ஓர் இலாகாவாகவே நடந்தது. காலை ஏழு மணிக்கு வெளிநாட்டுத் தூதர்களின் தபால் பைகள் அங்கே வந்து இறங்கும். மெழுகுவர்த்திச் சுடரில் முத்திரையை இளக்கி, உள்ளே காகிதங்கள் இருந்த வரிசையைக் குறித்துக்கொண்டு, பிரதி எடுத்து, பழையபடி மூடி, ஒன்பதரை மணிக்குள் திருப்பிவிடுவார்கள். ஒரு தடவை அவசரத்தில் இங்கிலாந்துத் தூதருக்கு மூலக் கடிதத்துக்குப் பதில் பிரதியே போய்விட்டதாம். அவர் கோபித்துக்கொண்டு கேட்டதற்கு மந்திரி கௌனிட்ஸ், இந்த ஆட்களுக்குச் சாமர்த்தியம் போதவில்லை என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. செய்தது தப்பு என்று சொல்லவில்லை. சாமர்த்தியம் போதவில்லை என்றுதான் சொன்னார்.

பிரித்தாலும் படிக்க முடியாதபடி எழுதிவிட்டால் என்ன என்று கேட்கலாம். அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். 1917-ல் அமெரிக்கத் தந்திக் கம்பெனி இன்ஜினீயர் கில்பர்ட் வெர்னம் தொடங்கிவைத்த முறை அது. செய்தி எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு, ஒரு ஒழுங்கும் இல்லாத எண் வரிசை ஒன்று அனுப்புகிறவரிடமும் பெறுகிறவரிடமும் இருக்க வேண்டும். அதைச் சாவி என்பார்கள். சாவியைச் செய்தியோடு கலந்து அனுப்பிவிட்டு, அந்தத் தாளை எரித்துவிட வேண்டும். மறுபடி உபயோகிக்கக் கூடாது. இந்த முறையை யாராலும், எவ்வளவு கெட்டிக்காரராலும் உடைக்க முடியாது என்று கிளாட் ஷானன் 1949-ல் வெளியிட்ட கட்டுரையில் கணிதபூர்வமாக நிரூபித்தார்.

பிறகென்ன, விஷயம் முடிந்தது என்றுதான் தோன்றும். முடியவில்லை. அந்தச் சாவித் தாளை எதிராளியிடம் கொண்டு சேர்ப்பது எப்படி? யாரோ ஒருவர் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வழியில் ஒருவன் பிரதி எடுத்துக்கொண்டால் தெரியாது. எண்களை அச்சடிப்பதும் லேசான வேலை அல்ல. 1942-ல் யுத்த நெருக்கடியில் சோவியத் ரஷ்யாவில் சில பக்கங்களை இரண்டு தடவை அச்சடித்துத் தொலைத்துவிட்டார்கள். அமெரிக்கர்கள் வருஷக்கணக்காக உட்கார்ந்து, ஒரே சாவியில் மூடிய செய்திகளை ஜோடி சேர்த்துப் படித்தார்கள். அணுகுண்டு ரகசியத்தைக் கொடுத்த கிளாஸ் ஃபுக்ஸ் அகப்பட்டது அப்படித்தான். கணக்கில் பிழையில்லை. அச்சுக்கூடத்தில் பிழை.

ஆக, உலகத்துக்கு வேண்டியிருந்தது புதிய சங்கேதம் அல்ல. வழியில் பிரதி எடுத்தால் காட்டிக்கொடுத்துவிடும் ஒரு தபால்.

1960-களின் கடைசியில், நியூயார்க்கில் கொலம்பியா சர்வகலாசாலையில் ஸ்டீஃபன் வைஸ்னர் என்ற மாணவருக்கு ஒரு விசித்திரமான யோசனை வந்தது. அவருடைய தந்தை ஜனாதிபதி கென்னடிக்கு விஞ்ஞான ஆலோசகராக இருந்தவர். மகனோ கள்ள நோட்டு அடிக்க முடியாத ரூபாய் நோட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். நோட்டுக்குள் சில ஒளித்துளிகளைச் சிறைப்படுத்திவிட்டால், அவற்றின் நிலையைப் பார்க்க முயன்றாலே அது மாறிவிடும். ஆகவே பிரதி எடுக்கவே முடியாது. இதைக் கட்டுரையாக எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினார். திரும்பி வந்துவிட்டது. கதை திரும்பி வந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த இடத்தில் வைஸ்னர் மேல் தனிப் பாசம் ஏற்படும். கட்டுரை அச்சாக 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிற்காலத்தில் அவர் இஸ்ரேலுக்குப் போய், ஜெருசலேமில் தாமே விரும்பிக் கட்டடக் கூலி வேலை செய்துகொண்டிருந்தார். 2021-ல் காலமானார்.

அவருடைய யோசனையை மறக்காமல் வைத்திருந்தவர் கல்லூரி நண்பர் சார்லஸ் பென்னெட். ஐ.பி.எம். கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தார். 1979 அக்டோபரில் போர்ட்டோ ரிகோ தீவில் ஒரு மகாநாடு. மான்ட்ரியாலைச் சேர்ந்த ஜீல் பிராசார் என்ற இளைஞர் ஹோட்டலை ஒட்டிய கடலில் நீந்திக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாத ஓர் ஆசாமி நீந்திக்கொண்டே பக்கத்தில் வந்து, எடுத்த எடுப்பில் கள்ளத்தனம் செய்ய முடியாத நோட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். வந்தவர் பென்னெட். கடலில் கழுத்தளவுத் தண்ணீரில் வந்து ரூபாய் நோட்டைப் பற்றிப் பேசுகிறவரிடமிருந்து நான் கரைக்கு ஓடியிருப்பேன். பிராசார் கேட்டார்.

ஒளியை நோட்டுக்குள் அடைத்து வைப்பது சிரமம். அது ஓடுவதற்குப் பிறந்தது. ஓடவிட்டால் என்ன? நோட்டை மறந்துவிட்டுத் தபாலாக்கினார்கள். அந்தக் கட்டுரை வாசிக்கப்பட்டது வேறெங்கும் அல்ல, நம் பெங்களூரில்தான். 1984 டிசம்பரில் அங்கே நடந்த ஒரு கம்ப்யூட்டர் மகாநாட்டில் எந்த விஷயம் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்று பிராசாருக்கு அழைப்பு வந்திருந்தது. அதைப் பயன்படுத்திக்கொண்டார். ஐந்தே பக்கம். இரண்டு பேரின் தலையெழுத்துகளையும் அந்த வருஷத்தையும் சேர்த்து இன்று உலகம் முழுவதும் அதை பி.பி. 84 என்கிறார்கள்.

இனி அந்த வித்தை. ஒளி என்பது துளித் துளியாக வருவது. ஒரு துளிக்குப் போட்டான் என்று பெயர். ஒவ்வொரு துளிக்கும் ஒரு சாய்மானம் உண்டு. நேராக நிற்கலாம், படுத்திருக்கலாம், வலப்பக்கம் சாயலாம், இடப்பக்கம் சாயலாம். நின்றால் 0, படுத்தால் 1. அதேபோல வலச்சாய்வு 0, இடச்சாய்வு 1. அனுப்புகிறவளை ஆலிஸ் என்றும், பெறுகிறவனைப் பாப் என்றும், நடுவில் கேட்பவளை ஈவ் என்றும் விஞ்ஞானிகள் அழைப்பது வழக்கம். பாப்பிடம் இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று நிற்பதையும் படுப்பதையும் பிரித்துச் சொல்லும். மற்றது சாய்வுகளைப் பிரித்துச் சொல்லும். ஒரு துளிக்கு ஒரு கருவியைத்தான் உபயோகிக்க முடியும். சாய்ந்த துளியை முதல் கருவியில் விட்டால், அது பூவா தலையா போட்டதுபோல ஏதோ ஒன்றைச் சொல்லும். அதோடு துளியின் பழைய சாய்மானமும் அழிந்துபோகும்.

ஆலிஸ் தன் இஷ்டத்துக்கு நான்கு விதத் துளிகளையும் கலந்து அனுப்புகிறாள். பாப் தன் இஷ்டத்துக்குக் கருவியை மாற்றி மாற்றிப் பார்க்கிறான். எல்லாம் முடிந்த பிறகு டெலிபோனில், ஊர் கேட்கவே, எந்தத் துளிக்கு எந்தக் கருவி என்று மட்டும் பேசிக்கொள்கிறார்கள். என்ன கிடைத்தது என்று சொல்வதில்லை. கருவி பொருந்திய பாதியை வைத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடுகிறார்கள். மீதமிருப்பதுதான் சாவி.

நடுவில் ஈவ் கேட்டாளானால் அவளுக்கும் எந்தக் கருவி என்று தெரியாது. பாதி தடவை தப்பாக எடுப்பாள். துளியைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு பிறகு சாவகாசமாகப் பார்ப்பதற்கும் வழியில்லை. தெரியாத நிலையிலுள்ள ஒரு துளியை நகல் எடுக்க இயற்கையே இடம் தராது என்று 1982-ல் நிரூபித்துவிட்டார்கள். ஆகவே தான் பார்த்ததை வைத்துப் புதிதாக ஒரு துளி செய்து அனுப்ப வேண்டும். சாமி அறைக் குங்குமத்தை மடிப்பில் வைப்பது போலத்தான். அவள் எல்லாத் துளிகளையும் தொட்டால், சாவியில் நாலில் ஒரு பங்கு பிசகும். ஆலிஸும் பாப்பும் 20 துளிகளை மாதிரிக்கு எடுத்து ஒப்பிட்டால் ஈவ் தப்பிப்பது ஆயிரத்தில் மூன்று தடவைதான். 50 துளிகளை ஒப்பிட்டால் பத்து லட்சத்தில் ஒரு தடவைகூடத் தேறாது.

இங்கேதான் நான் புத்தகத்தை மூடிவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். சித்தியின் குங்குமத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இயற்கை விதியில் இல்லை. குங்குமமும் காட்டிக்கொடுக்கத்தான் செய்தது. ஆனால் காட்டிக்கொடுத்த நேரத்தில் பி.எட். விண்ணப்பம் தாத்தா காதுக்குப் போய்விட்டது. பென்னெட்டும் பிராசாரும் செய்தது என்னவென்றால், முதலில் ஒன்றுமே எழுதாத கடிதத்தை அனுப்பியதுதான். ஒளித்துளிகளில் போவது செய்தி அல்ல. அர்த்தமில்லாத வெறும் எண்கள். யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் குப்பையில் போட்டுவிடலாம், நஷ்டம் இல்லை. தொடவில்லை என்று நிச்சயமான பிறகே அதைச் சாவியாக வைத்து உண்மைக் கடிதத்தை மூடி அனுப்புகிறார்கள். சித்தியின் அக்கா முதல் வாரம் வெறும் குங்குமத்தோடு க்ஷேமம் விசாரித்து ஒரு கடிதம் போட்டிருக்கலாம். இரண்டு பெண்களுக்கும் அது தோன்றவில்லை. உலகத்துக்கே 1984 வரை தோன்றவில்லையே!

யோசனை காகிதத்தில் இருந்தவரை பலர் நம்பவில்லை. அதற்காகவே 1989 அக்டோபர் கடைசியில், மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு யந்திரம் செய்து காட்டினார்கள். ஒளித்துளிகள் போன தூரம் ஒரு முழம்கூட இல்லை, சுமார் 30 சென்டிமீட்டர். வெளிச்சம் புகாத கறுப்புப் பெட்டிக்குள் அதை வைத்திருந்தார்கள். மார்த்தா அத்தையின் சவப்பெட்டி என்று அதற்குச் செல்லப் பெயர். யந்திரம் வேலை செய்தது. ஆனால் ஒரு சங்கடம். ஒளியின் சாய்மானத்தை மாற்றும் பகுதிக்கு அதிக வோல்ட் மின்சாரம் தேவை. அதைக் கொடுக்கும் கருவி சத்தம் போட்டது. 0-க்கு ஒரு சத்தம், 1-க்கு வேறு சத்தம். பக்கத்து அறையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும், முழுச் சாவியும் கிடைத்துவிடும். ஆகவே தங்கள் யந்திரம் செவிட்டு ஒற்றர்களிடமிருந்து பரிபூரணப் பாதுகாப்பு அளிக்கக் கூடியது என்று பிராசார் பிற்பாடு வேடிக்கையாக எழுதினார்.

வேடிக்கைதான். ஆனால் அந்தச் சத்தம் பிறகு அடங்கவே இல்லை. பழைய ரகசிய இலாகா இருந்த அதே வியன்னாவில், 2004-ல் சாக்கடைக் குழாய்களின் ஊடே போட்ட கண்ணாடி நூல் வழியாகச் சாவி அனுப்பி, நகர மண்டபத்திலிருந்து ஒரு பாங்குக்குப் பணம் மாற்றிக் காட்டினார்கள். 2007-ல் ஜெனீவாவில் தேர்தல் ஓட்டுக் கணக்கை அனுப்ப உபயோகித்தார்கள். கம்பெனிகள் பெட்டி பெட்டியாக விற்றன. 2010-ல் நார்வேயிலும் ஜெர்மனியிலும் இருந்த ஒரு கோஷ்டி, அப்படி விலைக்கு விற்ற இரண்டு கம்பெனிகளின் யந்திரங்களைச் சத்தமில்லாமல் ஏமாற்றிக் காட்டியது. ஒற்றை ஒளித்துளியைக் கண்டுபிடிக்கிற கருவி நுட்பமானது; இருட்டுக்குப் பழகிய கண் மாதிரி. அதன் மேல் டார்ச் அடிப்பதுபோலப் பளிச்சென்று ஒளியைப் பாய்ச்சினால் கூசிப்போகிறது. கூசிய கருவி ஒற்றைத் துளியைப் பார்க்காது. ஈவ் அனுப்பும் பெரிய ஒளிக்கு மட்டும், அவள் எடுத்த அதே கருவியைப் பாப்பும் எடுத்திருந்தால் மட்டும், 'டக்' என்று அடிக்கும். பிசகே வராது. அடுத்த வருஷம் சிங்கப்பூர் சர்வகலாசாலை வளாகத்தில் 290 மீட்டர் தூரத்துக்கு ஓடிய ஒரு சாவியை முழுக்க முழுக்க இப்படித் திருடிக் காட்டிவிட்டார்கள். ஆலிஸும் பாப்பும் தங்கள் கணக்கைப் பார்த்து, யாரும் கேட்கவில்லை என்று திருப்தியாக இருந்தார்கள். திருடியவர்கள் நல்லவர்கள், ஓட்டையை அடைப்பதற்காகத் திருடியவர்கள். அதற்குப் பிறகு அடைக்கவும் அடைத்தார்கள். ஆனால் இயற்கை விதி சத்தியம் தவறவில்லை, பெட்டி தவறிவிட்டது என்பதை என்னைப் போன்றவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஷானன் கணக்குக்கு ரஷ்ய அச்சுக்கூடம் செய்ததைத்தான் இங்கே பெட்டி செய்தது.

தூரமும் ஒரு தொல்லை. கண்ணாடி நூலில் 100 கிலோமீட்டர் போவதற்குள் நூறு துளியில் ஒன்றுதான் மிஞ்சும். சாதாரண டெலிபோன் லைன் மாதிரி நடுவில் பெருக்கி அனுப்பவும் முடியாது. நகல் எடுக்க முடியாது என்ற அதே விதி இங்கே காலை வாரிவிடுகிறது. சீனாக்காரர்கள் பெய்ஜிங்கிலிருந்து ஷாங்காய்க்கு 2,000 கிலோமீட்டர் பாதை ஒன்றை 2017-ல் திறந்தார்கள். வழியில் முப்பதுக்கு மேற்பட்ட நிலையங்கள். ஒவ்வொரு நிலையத்திலும் சாவியைத் திறந்து மறுபடி மூட வேண்டும். அதாவது ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு தாத்தா. அவர் படிக்க மாட்டார் என்று நம்ப வேண்டும். அதே வருஷம் செயற்கைக்கோள் மூலம் பெய்ஜிங்கிலிருந்து வியன்னாவுக்குச் சாவி அனுப்பி, இரண்டு ஊர் விஞ்ஞானச் சபைத் தலைவர்களும் முகம் பார்த்துப் பேசினார்கள். அந்தச் செயற்கைக்கோளுக்கும் சாவி தெரியும். இந்தத் தாத்தாவுக்கு ஆகாயத்தில் வாசம், அவ்வளவுதான்.

இப்போது ஃபெலிப்ஸின் பின்குறிப்புக்கு வருகிறேன். டெலிபோனில் கருவிகளை ஒப்பிட்டுக்கொள்கிறார்களே, மறுமுனையில் பேசுவது பாப்தான் என்று ஆலிஸுக்கு எப்படித் தெரியும்? ஈவ் நடுவில் உட்கார்ந்து, ஆலிஸிடம் தன்னைப் பாப் என்றும், பாப்பிடம் தன்னை ஆலிஸ் என்றும் சொல்லிக்கொண்டால், இரண்டு பேரோடும் தனித்தனியே பிசகில்லாத சாவி செய்துகொள்ளலாம். இதைத் தடுக்க ஒளித்துளிக்குச் சக்தி கிடையாது. ஆலிஸும் பாப்பும் முன்கூட்டியே ஒரு சிறிய ரகசியத்தையாவது பகிர்ந்துகொண்டிருக்க வேண்டும். அதை வைத்து ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். முற்றிலும் அந்நியர்களான இரண்டு பேருக்கு இந்த வித்தை உதவாது. இது குறை என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு என்னவோ குறையாகத் தோன்றவில்லை. மதுரையிலிருந்து வருகிற குங்குமம் தாழம்பூ மணக்கும் என்று தங்கைக்குத் தெரிந்திருந்தது, தாத்தாவுக்குத் தெரியவில்லை. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பெட்டியையே நம்பாமல் சாவி செய்யும் வழி ஒன்றும் உண்டு. ஆர்தர் ஈக்கர்ட் என்பவர் 1991-ல் எழுதிய ஒரு கட்டுரையில் அதற்கு விதை இருந்தது. 2022-ல் ஆக்ஸ்ஃபோர்டிலும் இன்னும் இரண்டு இடங்களிலும் அதைச் சோதனையில் செய்து காட்டியிருக்கிறார்கள். பெட்டியைச் செய்தவன் எதிரியாகவே இருந்தாலும், வருகிற விடைகள் ஒன்றோடொன்று பொருந்தும் விதத்தைக் கொண்டே பெட்டியின் யோக்கியதையைத் தெரிந்துகொள்ளலாமாம். ஆனாலும் சோதனை நடக்கும் அறையிலிருந்து எதுவும் கசியவில்லை என்று நம்பித்தான் ஆகவேண்டும். இது இன்னும் ஆராய்ச்சிக்கூடத்துச் சமாசாரம். இதற்கு மேல் விளக்கப் புகுந்தால் என் பௌதிக வாத்தியார் கனவில் வருவார்.

போன பொங்கலுக்குச் சித்தியைப் பார்க்கப் போயிருந்தேன். சித்தப்பா இருந்த ஊர்களுக்கெல்லாம் போய்விட்டு, இப்போது திருச்சியில் மகன் வீட்டில் இருக்கிறாள். பேத்திக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். தெருப் பிள்ளைகளும் நாலைந்து பேர் வருகிறார்கள். நான் எழுதப் போகும் இந்தக் கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். ஒளித்துளி, சாய்மானம், ஈவ் எல்லாம் சொன்னேன். சித்தி கவனமாகக் கேட்டாள்.

"யாரோ கேட்டாங்கன்னு அந்த மிஷினு சொல்லும். யாரு கேட்டாங்கன்னு சொல்லுமா?" என்றாள்.

"அது சொல்லாது சித்தி. தொட்டது மட்டும்தான் தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சுதே" என்றாள் சித்தி, பேத்தியின் நோட்டைத் திருத்திக்கொண்டே. "அன்னைக்கு நான் லெட்டரைப் பிரிக்கிறப்ப நீ எதிரே நின்னுட்டிருந்தே. உன் விரல்ல குங்குமம் ஒட்டியிருந்துச்சு."

நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன். சித்தி அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள்.